மாடியில் பிடித்த குடை

“யாருடி இது? ‘மாடிவீடு’ன்னு ஒருத்தன் நம்ம பாலத்துல வந்து நிக்கறான்!”

வாலு போட்ட கூச்சலில் கூடமே நிமிர்ந்தது. ஞாயிறு மதியம்... வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாய் முழுக்க மடிக்கணினிகள், நீட்டிய கால்கள், சார்ஜர் ஒயர்கள். நண்பர்கள் கூடி கம்ப்யூட்டரில் ஊர் கட்டும் விளையாட்டு அது. அந்த ஊர் இருப்பது இந்த வீட்டில் குடியிருக்கும் வாலுவின் தோழியுடைய கணினியில். அவள் திறந்துவிட்டால்தான் அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்கள் உள்ளே வரமுடியும்.

கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் பிறர் கண்களைச் சோதிப்பவள் அவள். இந்த ஊருக்கு வந்த புதிதில் பேச ஆளில்லாமல் கிடந்தவளைச் சிரிக்க வைத்தவள், அதே கடையில் பில் போடும் வாலுதான். அந்த வாலு நாளைக்கு வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறாள். அதற்குள் எல்லோருமாகத் தொடங்கிய பாலத்தை முடித்தாக வேண்டும். வாலுவிடம் நன்றி என்று வாயால் சொல்லப்போனால் அழுதுவிடுவாள்... பாலமாவது சொல்லட்டும்.

“மாடிக்குக் குடிவந்திருக்காரே, லிஃப்ட் மெக்கானிக்... அவரா இருக்கும்” என்றாள் இன்னொரு தோழி.

வீட்டுக்காரர் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வைத்த வைஃபை பெட்டி மாடியில்தான் இருந்தது. அதன் வழியாக நுழைந்திருக்கிறான். கூப்பிடாத விருந்தாளி! ஒரு தட்டுத் தட்டி வெளியேற்றினாள். திரும்ப வந்தான். ‘உங்களை யார் கூப்பிட்டது?’ என்று எழுதிவிட்டு மறுபடி துரத்தினாள்.

கொஞ்ச நேரம்தான்... எல்லோர் திரையிலும் இணைப்பு அறுந்தது. பாலத்தில் ஒரே ஒரு கல் பாக்கி.

“பழி வாங்கிட்டான்!” என்று எழுந்தவள், நனைந்துகொண்டே படியேறினாள். கதவு திறந்திருந்தது.

“ஏங்க, ஒரு விளையாட்டுக்குப் போய் இப்படியா...”

அறைக்குள் நாற்காலி போட்டு ஏறி, அவன் குடை பிடித்துக்கொண்டிருந்தான். கூரை சொட்டச் சொட்ட ஒழுகியது. குடை சுவரிலிருந்த பெட்டிக்கு, அவனுக்கு இல்லை. தோள் தொப்பலாக நனைந்திருந்தது.

“பெட்டிக்குள்ள தண்ணி இறங்கிடுச்சு... கழட்டித் துடைச்சு மாட்டினேன். இப்ப வந்திருக்கும், பாருங்க.”

“வந்துடுச்சுடி!” என்று கீழேயிருந்து வாலுவின் குரல் கேட்டது.

துளிகள் படிந்த அவன் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் சிரித்தன. கண்களையே பார்த்துப் பிழைக்கிறவளுக்கு... அந்தக் கண்களை மட்டும் நேராகப் பார்க்க முடியவில்லை.

“நான் உங்களைத் துரத்தினேனே...”

“நீங்கதானே ‘யார் வேணாலும் வரலாம்’னு விளையாட்டுக்குப் பேர் வெச்சிருந்தீங்க? நானும் நம்பி வந்துட்டேன்.”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். விளையாட்டாக வைத்த பேர். “கீழ வாங்களேன்...”

“துரத்தின வீட்டுக்கா? எனக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்குங்க. அதுவும் போக, குடையை யார் பிடிக்கறது?”

மன்னிப்புக் கேட்பது அவளுக்கு எப்போதுமே எட்டிக்காய். ஆனால் அந்த நனைந்த தோளைப் பார்த்ததும் வீம்பெல்லாம் கரைந்தது.

“மன்னிச்சுடுங்க. நீங்க வரலேன்னா என்ன... நாங்க வரலாமா?”

கொஞ்ச நேரத்தில் கூட்டமே கணினிகளோடு மாடியேறியது. ஒழுகாத மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு முறை குடை பிடித்தார்கள். கடைசிக் கல்லை வாலு வைத்ததும் சிரிப்பில் அறை அதிர்ந்தது; எல்லோர் சிரிப்பிலும் அவளுடையதுதான் பெரிது.

“நீ இல்லேன்னா நான் இந்த ஊர்ல...” என்று அவள் வாலுவிடம் ஆரம்பித்தாள்.

“அழுதே... உதைப்பேன்!” என்ற வாலுதான் முதலில் அழுதாள்.

மழை விட்டது. மற்றவர்கள் இறங்கிப் போக, அவள் மட்டும் வாசலில் தயங்கினாள்.

“முன்னபின்ன தெரியாதவங்களுக்காக இவ்வளவு நேரம் நனைஞ்சீங்களே... ரொம்ப நன்றிங்க.”

அவன் குடையை மடக்கினான். திரும்ப விரித்தான். மறுபடி மடக்கினான்.

“ஞாயித்துக்கிழமையானா கீழேருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். புது ஊர், பேச ஆளில்ல... அதைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். பெட்டி போனா அந்தச் சிரிப்பு நின்னுடும்னு தோணிச்சு. அதான் பிடிச்சேன். அது உங்க சிரிப்புன்னு... இப்பதான் தெரியும்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. பேச ஆளில்லாத புது ஊர் எப்படியிருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

“அடுத்த ஞாயிறு வாலு இருக்க மாட்டா. நீங்க... கீழ வருவீங்களா?”

“துரத்த மாட்டீங்களே?”

“இனிமே... நீங்களே போறேன்னாலும் விடமாட்டேன்.”