வெளிநேரம் காலி

இருந்தவர்கள்: கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினி முன் ரெஜிலா, அவள் அருகே தேநீர் டம்ளரோடு லோடிங் மேற்பார்வையாளர் சிலுவைமுத்து, உறைகிடங்குக்குள் மீன்பெட்டி அடுக்கப் போன ரெஜிலாவின் தம்பி ஸ்டெனி. திரை மட்டும் கிடங்கில் ஒருவருமில்லை என்றது.

"ஏட்டி, ஒனக்க கம்ப்யூட்டரு சொல்லுகதுதான் வேதமா? பய அப்பவே உள்ள போனான், நான் கண்டேன்," என்றார் சிலுவைமுத்து.

தகரக் கூரையில் மாலை மழை கொட்டிக்கொண்டிருக்க, இறால் ஓட்டின் நாற்றமும் அம்மோனியாவின் காரமும் கலந்து தொண்டையைப் பிடித்த அந்த அறையில், மழைச் சத்தத்துக்கு அடியிலிருந்து வேறொரு சத்தம் மெல்ல மேலே வருவதை அவள் கேட்டாள். தடித்த கதவை உள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

கிடங்கு காலியென்று டேட்டாபேஸ் சொன்னால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்விளக்கு அணையும். குளிர் இன்னும் கீழே இறங்கும். கையால் திறக்கும் சாவி முதலாளியிடம். அவர் கோட்டாறில்.

பதிவுகளைத் திறந்தாள். ஸ்டெனி காலையில் வெளியே வந்தது பதினொரு மணி. மறுபடி உள்ளே போனது மாலை நாலு மணி; ஆனால் காலை பத்தரை என்று இருந்தது. நேற்று மாட்டிய விரல்ரேகை நுழைவு எந்திரம் உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கிறது, ஐந்தரை மணி நேரம் பின்தங்கி. வெளியேறும் பக்கம் பழைய எந்திரம், நம் நேரம். பத்தரைக்கு நுழைந்தவன் பதினொன்றுக்கு வெளியேறிவிட்டான் என்று புரோகிராம் முடிவு செய்திருந்தது.

தட்டல் மெலிந்தது.

"வேகம் மக்கா," என்றார் சிலுவைமுத்து. இப்போது கிண்டல் இல்லை.

நுழைந்த நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினாள். பயத்தில் இன்னொன்றும் சேர்த்தாள். வெளிநேரம், அதாவது வெளியேறிய நேரம், காலியாக இருந்தால், ஒப்பிடும்போது ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. அந்த ஆள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அப்படிப்பட்டவர்களையும் உள்ளே என்றே எடுக்கப் புரோகிராமுக்குச் சொன்னாள்.

திரையில் இரண்டு பெயர்.

ஸ்டெனி. செல்லபாய்.

"செல்லபாயா?" சிலுவைமுத்து டம்ளரை மேசையில் வைத்தார். "போன மாசம் அவள இதுக்குள்ளயிருந்து நாங்கதான தூக்கிட்டுப் போனோம். வெறச்சுக் கெடந்தா. அப்ப அவளுக்க வெரல வெளிய போற மிஷின்ல வைக்கவா தோணும்?"

பூட்டு விடுபட்டது. கதவிடுக்கிலிருந்து வெண்புகை தரையோடு வழிந்தது.

ஸ்டெனி வந்தான். புருவத்தில் பனி. வாயில் மூச்சின் ஆவி இல்லை.

"மக்கா, வந்தியா!" சிலுவைமுத்து ஓடினார். கிட்டப் போனதும் நின்றார்.

அவன் அவரைப் பார்க்கவில்லை. வெளியேறும் எந்திரத்தில் வலக்கை விரலை வைத்தான்.

செல்லபாயின் வெளிநேரம் நிரம்பியது.

இடக்கை விரலை வைத்தான்.

ஸ்டெனியின் வெளிநேரம் பதினொன்றிலிருந்து இந்த நிமிடத்துக்கு மாறியது.

இரண்டு பெயரும் திரையிலிருந்து போயின.

கிடங்கின் இருட்டுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது. "அக்கா... வெளக்கு அணைஞ்சு போச்சு."

வெளியே நின்றவன், கண்ணாடி வழியே அவளைப் பார்த்தபடி, கதவை முதுகால் தள்ளிச் சாத்தினான்.

பூட்டு விழுந்தது.