காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி

டிர்ர்ரிங்...!

நாய்க் கூண்டுகளின் கடைசியில், சுவரில் மாட்டியிருந்த தொலைபேசி அலறியது.

அவளால் எழுந்து போக முடியவில்லை. மடியில் சுண்டுவின் தலை இருந்தது. சுண்டுவின் மூக்கிலிருந்து ரத்தம்... சொட்டுச் சொட்டாக அவளுடைய காக்கிப் பேன்ட்டில் விழுந்துகொண்டிருந்தது.

மோப்ப நாய்ப் பிரிவில் மொத்தமே மூன்று நாய்கள். பட்டாளம் முந்தாநாள் செத்துப்போனது. அல்லி நேற்று கால் மடங்கிப் படுத்தது, இன்னும் எழவில்லை. மிஞ்சியது சுண்டுதான். அதை வளர்த்துப் பழக்கியவள் இவள். 'நாய்க்காரி' என்றுதான் ஸ்டேஷனே கூப்பிடும். அவளுக்குக் கோபம் வராது. சம்பளமே அதற்குத்தானே!

டிர்ர்ரிங்...!

சுண்டுவின் காலில் ஊசி குத்திக்கொண்டிருந்த நாய் டாக்டர் எரிச்சலோடு எழுந்தார். ரிசீவரை எடுத்து, வயரை இழுத்து, அவள் காதில் வைத்தார்.

கரகரத்த குரல்.

"நாளைக்குத் துறைமுகத்துக்கு எந்த நாயும் வரக் கூடாது. மீறி வந்தா... நாயைப் பொதைக்கிற குழியில உனக்கும் இடம் இருக்கு!"

டொக்!

டாக்டர் ரிசீவரை மாட்டினார்.

"யாரும்மா?"

"தெரியல டாக்டர்... மிரட்டுறான்! அப்போ இது தானா வந்த நோய் இல்ல..."

"உண்ணிக் காய்ச்சல்ங்கிறது நிச்சயம். ரத்தம் உறையவே மாட்டேங்குது. என் வீட்டு நாயைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். அதோட ரத்தத்தை ஏத்திப் பார்ப்போம்."

"பிழைச்சுக்கும்ல டாக்டர்?"

டாக்டர் குனிந்து தன் சாக்ஸை மேலே இழுத்துவிட்டார். பேன்ட்டின் முனையைச் சாக்ஸுக்குள் திணித்திருந்தார். அவளையும் அப்படித்தான் திணிக்கச் சொல்லியிருந்தார்.

"உண்ணி கீழேருந்துதான் ஏறும். இந்த ஜாதி உண்ணி மனுஷனையும் கடிக்கும், காய்ச்சலையும் கொடுக்கும். ஜாக்கிரதை! அது சரி... தரை, சுவர், கூண்டு இடுக்கு, எல்லாத்துலயும் மருந்து அடிச்சிருக்கீங்களே... மருந்து அடிக்காத இடம் ஏதாவது இருக்கா?"

அவள் நெஞ்சில் சுருக்கென்றது.

துண்டு!

மோப்ப நாய் போதைப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தால் அதற்கு ஒரே ஒரு பரிசு. இறுக்கிச் சுருட்டிக் கட்டிய பருத்தித் துண்டு. அதைக் கவ்வி, இழுத்து, உதறி விளையாடுவதற்காகத்தான் நாய் உயிரை விட்டு வேலை செய்யும். துண்டில் அந்நிய வாசனை ஏறினால் மோப்பம் கெட்டுவிடும். அதனால் சோப்புக் கிடையாது, மருந்து கிடையாது. துண்டு அலமாரிப் பக்கம் மருந்துக் குழாயைக் கொண்டுபோகவே கூடாது.

இது பிரிவில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி!

சுண்டுவின் தலையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள். அலமாரியைத் திறந்தாள். ஒரு துண்டின் கட்டை அவிழ்த்தாள்.

மடிப்புக்குள் எள்ளைக் கொட்டினாற்போல்... ஊர்ந்தன!

"ஐயோ!"

துண்டை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் திணித்து, மூடி, டேப் சுற்றினாள்.

துண்டுகளைச் சுருட்டுவது மாஸ்டர். நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மலை மாதிரி மனிதர். பட்டாளத்தைப் புதைத்தபோது குழந்தை மாதிரி அழுதவர்.

அத்தனையும் நடிப்பா? பாம்புக்கா பால் வார்த்தோம்?

நேரே மாடிக்கு ஓடினாள், பிரிவின் அதிகாரியின் அறைக்கு.

அதிகாரிக்கு நாய் என்றாலே நடுக்கம். இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து கூண்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. 'அதுங்க அங்கேயே இருக்கட்டும், நான் இங்கேயே இருக்கேன்' என்பார்.

"ஐயா, யாரோ உண்ணியைப் பிடிச்சுட்டு வந்து விட்டிருக்காங்க! ஆதாரம் இதுல இருக்கு!"

"உட்காரும்மா. பதறாதே. யார் மேல சந்தேகம்?"

"மாஸ்டர் மேல... சொல்லவே வாய் கூசுது ஐயா."

"அடப்பாவி! கூட இருந்தே குழி பறிச்சுட்டானா? டாக்டர்கிட்ட இந்த டப்பாவைக் காட்டினியா?"

"இல்லீங்க. நேரா உங்ககிட்டதான் வந்தேன்."

"நல்ல காரியம் பண்ணினே!"

அவள் தோள்பட்டியில் செருகியிருந்த தொப்பி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள்.

மேஜைக்கு அடியில் அதிகாரியின் கால்கள்.

பேன்ட்டின் முனை... சாக்ஸுக்குள்!

கூண்டுப் பக்கமே வராத மனிதர். மாடியில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். இவர் கால் வழியே எந்த உண்ணி ஏறப் போகிறது?

அவள் நிமிர்ந்தபோது அதிகாரி கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கையில் துப்பாக்கி!

"பார்த்துட்டியா? உன் மூஞ்சியே சொல்லுது. போன்ல ஆள் வெச்சு மிரட்டியும் அடங்கலையா? டப்பாவைக் கொடு."

"ஐயா... நீங்களா? வாயில்லா ஜீவன் ஐயா!"

"நாளைக்கு வர்ற கன்டெய்னரோட விலை தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டே. தெருநாய்ங்க காதுலேருந்து, ஒவ்வொண்ணா நான் கையால பொறுக்கி, ராத்திரியில துண்டுக்குள்ள விட்டேன்! நாய்னா எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா? கொடுடி!"

கத்தினாலும் கீழே கேட்காது. சுண்டுவுக்குக் குரைக்கக்கூடத் தெம்பில்லை. சாகப் போகிறோமா? சுண்டுவை யார் பார்த்துக்கொள்வார்கள்?

சட்டென்று அவள் பார்வை அவருடைய காதில் நிலைத்தது.

"ஐ... ஐயா! அசையாதீங்க!"

"என்னடி?"

"காதுக்குப் பின்னால... உண்ணி! சுண்டைக்காய் அளவு உப்பியிருக்கு!"

அதிகாரியின் முகம் வெளுத்தது. கை காதை நோக்கிப் போயிற்று.

"தொடாதீங்க! நசுங்கிச்சுன்னா நோய் நேரா ரத்தத்துல கலந்துடும்! பட்டாளம் மூக்குல ரத்தம் கொட்டியே செத்துச்சு ஐயா... நாலு நாளா உங்களுக்குத் தலைவலி இருக்கா?"

"இ... இருக்கு!"

"உடம்பு கணகணன்னு இருக்கா?"

"ஆமா... ஆமா! எடுத்து விடு! சீக்கிரம்!"

"கையால இழுத்தா தலை உள்ளேயே நின்னுடும். டாக்டர்கிட்டதான் இடுக்கி இருக்கு!"

கன்டெய்னரும் மறந்தது, டப்பாவும் மறந்தது. அதிகாரி தாழ்ப்பாளைப் படாரென்று இழுத்தார்.

"டாக்டர்ர்ர்!"

வாசலில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்! துண்டு ஒன்று குறைவதைப் பார்த்து அவளைத் தேடி வந்தவர்.

"மாஸ்டர்! பிடிங்க அவரை! பட்டாளத்தைக் கொன்னது அவர்தான்!"

மாஸ்டர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஒரே அடி! துப்பாக்கி படிக்கட்டில் உருண்டது. அடுத்த நொடி அதிகாரி தரையில் கிடக்க, அவர் முதுகில் மாஸ்டரின் முழங்கால் ஏறியிருந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ரத்தம் ஏறுதும்மா! சுண்டு வாலை ஆட்டுச்சு! பிழைச்சுக்கும்... இங்கே என்ன கூத்து?"

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். பிறகு மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்கண்ணே... உங்களைப் போய் சந்தேகப்பட்டேன்."

"போம்மா! பட்டாளத்துக்குப் பதில் சொல்லியாச்சு. அது போதும் எனக்கு."

தரையிலிருந்து அதிகாரி கதறினார்.

"டாக்டர்! முதல்ல உண்ணியை எடுங்க! காதுக்குப் பின்னால!"

டாக்டர் குனிந்தார். காது மடலை மடக்கிப் பார்த்தார். அடுத்த காதையும் பார்த்தார்.

"இங்கே ஒண்ணுமே இல்லையே?"

அதிகாரி பேயறைந்தவர் போல் அவளைப் பார்த்தார்.

"அப்போ... அந்தத் தலைவலி? காய்ச்சல்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"அது குத்தமுள்ள நெஞ்சு ஐயா. கவலைப்படாதீங்க... ஜெயில் கம்பளியில உண்ணி நிறைய இருக்குமாம்!"