பெட்டிக்குள் வந்த துரு

கிட்டார்க்காரி கடைக்குள் நுழைந்த வேகத்தில் மேசை மேலிருந்த திருகுகள் நாலைந்து கீழே உருண்டன. அவளுடைய வலது மணிக்கட்டில் கட்டு. அதனால் கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர் அவள் கணவர். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துவது அவர் தொழில். தெருவுக்கே அவர் கண்ணாடிக்காரர். மனைவி கொதிக்கும்போது அவர் பின்னால் வருவது புதிதல்ல. ஒரு வார்த்தை பேசாமல் வந்ததுதான் புதிது.

"அண்ணே, ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க," என்றாள் அவள், உட்காராமலே. "தண்ணில நனைஞ்சுதான் துருப்பிடிச்சிருக்குன்னு. கீழ உங்க கையெழுத்து வேணும்."

மின்சார வாத்தியங்களைப் பழுது பார்க்கும் அந்தக் கடைக்காரரைத் திருகாணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்துப் படபடக்கப் பக்கத்துக் கடைத் தையல்காரர் இருந்தார். பாதி தைத்த காலரைத் தோளில் போட்டபடி அவர் அதற்குள் வந்து நின்றாயிற்று.

"யார்கிட்ட காட்டப் போற?" என்றார் திருகாணி.

"பேண்டுல இருக்கிறவங்ககிட்ட. டிரம்ஸ்காரியை நேத்து வெளியே போகச் சொல்லிட்டேன். பன்னண்டு வருஷம் கூட வாசிச்சவளை இப்படியா அனுப்புவேன்னு ஆளாளுக்கு என்னை முறைக்கிறாங்க. வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிச்சிடுவாங்க, சனிக்கிழமை கச்சேரி. நீங்க எழுதிக் கொடுத்தா வாயை மூடிக்கிட்டு வேற ஆளோட வாசிப்பாங்க."

விஷயம் இதுதான். மணிக்கட்டு சுளுக்கிய வாரம், தூக்கி வர முடியாமல் கிட்டார் டிரம்ஸ்காரி வீட்டில் இருந்தது. நல்ல மழை. மூன்று வாரத்துக்கு முன் பெட்டி திரும்பி வந்தது. முந்தாநாள் திறந்தால், இரும்பெல்லாம் துரு.

"அவ வீட்டுக் கூரை ஒழுகும்ணே. அது எனக்கு அப்ப தோணவே இல்ல."

"பிறகு எப்படித் தோணுச்சு?"

"இவர்தான் ஞாபகப்படுத்தினார்."

கண்ணாடிக்காரர் சுவரில் தொங்கிய காலண்டரை மும்முரமாகப் படித்தார்.

திருகாணி பெட்டியைத் திறந்தார். புளிப்பு வாடை ஒன்று மூக்கில் ஏறியது.

"உள்ள வினிகரைக் கொட்டிட்டாங்களா?" என்றார் தையல்காரர். "அண்ணே, எனக்குப் புரிஞ்சு போச்சு. இது திட்டம் போட்டுச் செஞ்ச வேலை."

"கொஞ்சம் பொறு."

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், அதன் திருகுகள் என எல்லாவற்றிலும் பழுப்பு மாவைச் சலித்துத் தூவியதுபோல ஒரே சீராகத் துரு. பிரிட்ஜின் மேல்பக்கம் மட்டும் பளபளவென்று கீறல்கள். மரத்தில் ஈரக் கறை இல்லை. கம்பிகளுக்கு அடியிலுள்ள காந்தங்களில் கருப்பாக, பொடிப்பொடியாக ஏதோ மொய்த்திருந்தது.

"மீசை முளைச்சிருக்கு," என்றார் தையல்காரர்.

"நீ இதைத் தேய்ச்சியாம்மா?"

"ஒரு விரல்கூட வைக்கல. கை இருக்கிற நிலைமையைப் பாக்குறீங்கல்ல?"

பெட்டியின் ஓரத்தில் காகித உறையில் உபரிக் கம்பிகள் இருந்தன. திருகாணி வெளியே இழுத்தார். அவையும் பழுப்பு.

"இதை எப்ப வச்ச?"

"பெட்டி திரும்பி வந்த அன்னைக்குப் புதுசா வாங்கி வந்தேன். மூடியை ஒரு ஓரமாத் தூக்கிச் சொருகிட்டு மூடிட்டேன். உள்ள எங்க பாத்தேன்?"

திருகாணி உறையை மேசைமேல் வைத்தார். பிறகு டிரம்ஸ்காரிக்குப் போன் போட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பத்து நிமிடத்தில் வந்தவள், படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமா, என் வீட்டுக் கூரை ஒழுகும். என் படுக்கை மேல ஒழுகும். அவ கிட்டார் மேல ஒரு சொட்டு விழல. அலமாரி உச்சில வச்சு, மேல என் மழைக்கோட்டைப் போர்த்திட்டு, நான் நனைஞ்சுக்கிட்டே வேலைக்குப் போனேன்."

"நல்லாப் பேசற," என்றாள் கிட்டார்க்காரி.

"அவ பேசறதுதான் சரி," என்றார் திருகாணி. "இந்தக் கம்பியெல்லாம் அவ வீட்டுக்குப் போனதே இல்ல. ஆனா இதுவும் துருப்பிடிச்சிருக்கு. அப்ப துரு உன் வீட்டுலதான் வந்திருக்கு."

தையல்காரர் உறையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி பள்ளத்துல தேங்கும், அங்கங்க திட்டாத்தான் துரு வரும். இது ஆவி. அதான் இடுக்கெல்லாம் ஒரே மாதிரி." அவர் பெட்டியின் உள்துணியை ஒரு மூலையில் விலக்கிக் காட்டினார். கிழிசல் இருந்த இடத்தில், ரப்பர் மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை. "ஜன்னல் கண்ணாடி ஓரத்துல பிதுக்கி அடைக்கிற பசை. இதுல ஒரு வகை, காயும்போது புளிப்பு ஆவியை விடும். திறந்த ஜன்னல்ல அது காத்தோட போயிடும். மூடின பெட்டிக்குள்ள எங்க போகும்? இரும்பைத்தான் தின்னும்."

எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். காலண்டர் இப்போது அவருக்கு உதவவில்லை.

"துணி கிழிஞ்சு தொங்குச்சு," என்றார் அவர். "இவ கை சரியாகிப் பாக்கும்போது சந்தோஷப்படுவாளேன்னு ஒட்டினேன். இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒட்டினது தப்பில்ல," என்றார் திருகாணி. "ஆனா அப்புறம் ஒரு நாள் திறந்து பாத்திருக்கீங்க. கண்ணாடில ஒட்டின பெயின்ட்டைத் தேய்க்க வச்சிருக்கிற இரும்பு நாரை எடுத்துத் தேய்ச்சிருக்கீங்க. வாத்தியக்காரங்க யாரா இருந்தாலும் முதல்ல காந்தத்து மேல டேப் ஒட்டிடுவாங்க. உங்களுக்கு அது தெரியல. உதிர்ந்த தூளையெல்லாம் காந்தம் பிடிச்சு வச்சிருக்கு. கெடுக்கணும்னு வந்தவன் உட்கார்ந்து தேய்க்க மாட்டான். மறைக்கணும்னு நினைக்கிறவன்தான் தேய்ப்பான்."

"நான் அப்பவே சொன்னேன், திட்டம் போட்ட வேலைன்னு," என்றார் தையல்காரர். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

கிட்டார்க்காரியின் குரல் தணிந்திருந்தது. கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"நேத்து இவளை நான் போன்ல அவ்வளவு பேசினேன். பக்கத்துல நின்னு, தொண்டை வறண்டுடும்னு தண்ணி கொண்டு வந்து கொடுத்தியே. அப்ப உனக்குத் தெரியும்."

வீட்டிலும் வெளியிலும் 'நீங்க' என்று மட்டுமே கேட்டுப் பழகிய மனிதர் இரண்டடி பின்வாங்கினார்.

"சொன்னா நீ கோபப்படுவியேன்னு..."

"இப்ப நான் சிரிக்கிறேனா? போனை எடு. பேண்டுல மூணு பேரு. ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டு நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

அவர் போட்டார். முதல் இருவரிடமும் முணுமுணுத்துச் சமாளித்தார். மூன்றாவது ஆள் பேஸ் கிட்டார். டிரம்ஸ் பக்கத்திலேயே நின்று வாசித்து வாசித்துக் காது பாதி போனவர். அவரிடம், "நான்தான் கெடுத்தேன், அந்தப் பொண்ணு மேல பழி போட்டுட்டேன்" என்று நான்கு முறை கத்த வேண்டியிருந்தது. எதிர்வரிசை மாடியில் துணி காயப்போட்டவர்கள்கூடக் காதைத் தீட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

"சனிக்கிழமைக்குள்ள கழட்டிச் சுத்தம் பண்ணிடலாம்," என்றார் திருகாணி, பிரிட்ஜைத் தடவியபடி. "துரு அரிச்ச இடத்துல குழி இருக்கும். அதை ஒண்ணும் செய்ய முடியாது."

கிட்டார்க்காரி தோழியின் பக்கம் திரும்பினாள். "அவர் சொன்னார், நான் நம்பிட்டேன்."

"அவர் சொன்னார், சரி. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

கிட்டார்க்காரி குனிந்து, தான் உருட்டிவிட்ட திருகுகளை இடது கையால் பொறுக்க ஆரம்பித்தாள்.

டிரம்ஸ்காரி வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடுவேன். வாசிக்க வரேன். உன்னோட பேச வரல."