ஆகஸ்ட் பத்தாம் தேதித் தாள்

2005ஆம் ஆண்டுக்கான தினசரி காலண்டர் அச்சேறவிருந்த நேரத்தில், பஜாரில் காகிதக் கடை வைத்திருக்கும் நசிமா, அதன் மாதிரித் தாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி அதை அச்சிடும் சிவகாசி அச்சகத்துக்குள் வந்து நின்றார். ஒவ்வொரு தாளின் அடியிலும் வட்டாரத்தில் அதே நாளில் நடந்த பழைய சம்பவம் ஒன்றைப் போடுவது அந்தக் காலண்டரின் வழக்கம். அவற்றைச் சரிபார்ப்பவர் லட்சுமிகாந்தம். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முகூர்த்தம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்லும் மனிதர்.

ஆகஸ்ட் பத்தாம் தேதித் தாளில் இப்படி இருந்தது: ‘1984, ஆடிக் கடைசி வெள்ளி. விடுமுறைக்குப் பூட்டியிருந்த பட்டாசு ஆலையில் திருடப் புகுந்த சுல்தான் தீயில் மரணம். தனியாளாய்த் தீயை அணைத்தார் முதலாளி அய்யாதுரை.’

சுல்தான் நசிமாவின் தகப்பனார்.

“எங்கத்தா காகித லோடு கொடுக்கத்தான் அங்கன போனாக. தள்ளுவண்டில இருந்த காகிதமே திருடுனதுன்னு சொல்லிட்டாக. ஊரே மறந்துருச்சு. இப்ப வீட்டுக்கு வீடு தொங்கவிடப் போறீகளே” என்றார். கண் கலங்கவில்லை.

லட்சுமிகாந்தத்தின் உதவியாளர் ஹர்ஷினிக்கு எதிலும் அவசரம். அன்று வெள்ளிக்கிழமைதான், ஆடிக் கடைசி வெள்ளிதான், தொழிலாளர்கள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனதும் உண்மைதான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். தேதி சரி என்பதால் செய்தியும் சரியாகிவிடுமா என்று கேட்டார் லட்சுமிகாந்தம். பிறகு அய்யாதுரையின் மகன் மணிகண்டராஜை வரச்சொன்னார். காலண்டர் ஆர்டரும் அவருடையது, அந்த வாசகமும் அவர் கொடுத்ததுதான்.

காலஞ்சென்ற தந்தையின் வீரத்தைச் சொல்லச் சொன்னால் எந்த மகனுக்குத்தான் கசக்கும்? மணிகண்டராஜ் உற்சாகமாகவே சொன்னார். உச்சி வெயில். தீ கிளம்பியதும், மேடையில் காயப்போட்டிருந்த வெடிகளை அப்பா ஒற்றை ஆளாய் அள்ளி அப்புறப்படுத்தினாராம். இல்லாவிட்டால் குடோனும் போயிருக்குமாம்.

அந்த வெடிகள் முந்தின நாளே காயப்போட்டு மறந்தவையாக இருக்குமோ என்று சாதாரணமாகக் கேட்டார் லட்சுமிகாந்தம்.

மணிகண்டராஜுக்கு ரோசம் வந்துவிட்டது. “எங்க கம்பெனில பொழுது சாஞ்சா ஒரு சரம் வெளிய கெடக்காது. அப்பா அம்புட்டுக் கறார்.”

“அப்ப அது அன்னைக்குக் காலைல காயப்போட்டது. பூட்டிக்கெடந்த கம்பெனில காயப்போட்டது யாரு?”

ஹர்ஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லட்சுமிகாந்தம் நிதானமாகவே தொடர்ந்தார். “தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கியிருக்கும். நாலு பேரை வச்சு வேலையை நடத்தியிருக்காக. மேற்பார்வைக்குப் போர்மேன் இல்லாம வேலை வாங்குனது தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும். அதான் கம்பெனி பூட்டியிருந்துச்சுன்னு சொல்லியிருக்காக. பூட்டியிருந்துச்சுன்னா, உள்ள செத்துக்கெடந்தவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டித்தான் ஆகணும். வேலை நடக்குற எடத்துக்கு, பட்டப்பகல்ல வண்டியத் தள்ளிக்கிட்டு எவனும் திருட வரமாட்டான்.”

அந்தச் செய்தியையே எடுத்துவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார் மணிகண்டராஜ்.

நசிமா சம்மதிக்கவில்லை. “ஒங்கப்பா தீயை அணைச்சது நெசந்தானே, அது இருக்கட்டும். எங்கத்தா வேலையா வந்தாகன்னு போடுங்க, போதும்.”

மணிகண்டராஜ் அந்தத் தாளில் ‘பூட்டியிருந்த’ என்ற சொல்லைத் தானே அடித்தார். பிறகு ஹர்ஷினியிடம் சொன்னார்:

“அன்னைக்குக் கம்பெனி நடந்துச்சுன்னும் எழுதிக்கோங்கம்மா.”

அப்போதுதான் நசிமா அழுதார்.