வாகீசனுக்கு ஒரு திரை

தமயந்தியின் தம்பிக்குப் பெயர் வாகீசன். பெயர்தான் பெரிது. ஆள் ஒரு பாண் ரொட்டி அளவு.

அவன் அவசரக்காரன். பிறக்க வேண்டிய நாளுக்கு வெகு முன்பே பிறந்துவிட்டான். நுரையீரல் இன்னும் தயாராகவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து தேறி, ஆக்லாந்தின் மனுகாப் பகுதியில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குளிர்காலம் தொடங்கிவிட்டது.

"உங்களுக்குத் தடிமன் வந்தால் மூக்கைச் சிந்துவீர்கள். இவனுக்கு வந்தால் மூச்சே திணறும். திரும்பவும் பெட்டிக்குள்தான். அடுத்த தடவை தேறுவான் என்று சொல்ல முடியாது," என்றார் டொக்டர். "இந்தக் குளிர்காலத்தை மட்டும் எப்படியாவது தாண்ட வையுங்கள்."

அவர் சொன்னது அப்பாவுக்கும் அம்மாவுக்கும். கேட்டுக்கொண்டவள் தமயந்தி.

அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் உடுப்பு மாற்றி, சோப் போட்டுக் கை கழுவி, அதன் பிறகுதான் தொட்டில் பக்கம் போவாள். வகுப்பில் யாராவது இருமினால் நாற்காலியை நகர்த்திக்கொள்வாள். நகர்த்தி நகர்த்தி ஒருநாள் கதவுக்கு வெளியே போய்விட்டாள். ஆசிரியை கூப்பிட்டு உள்ளே இருத்தினார்.

ஆனால் பள்ளிக்கூடம் பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை விருந்தாளிகள்.

அப்போது ஆக்லாந்தில் இருந்த தமிழர்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். அங்கே ஜூலை மாதம்தான் நடுக்குளிர்காலம். அந்த ஜூலையில் அவர்களில் பாதிப் பேர் இருமினார்கள். மீதிப் பேர் தும்மினார்கள். எல்லோருக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. தூக்க வேண்டும், கன்னத்தைக் கிள்ள வேண்டும், முகத்துக்குக் கிட்டப் போய்க் கொஞ்ச வேண்டும், பிறகு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

முதலில் வந்தவர் குணரத்தினம் மாமா. அப்பாவுக்கு விரி என்ற இடத்தில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்டுக்கொண்டு உள்ளே போகும் பழக்கம் அவருக்கு இல்லை. வந்தார், இருந்தார், தும்மினார். மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை கிணுகிணுத்தது.

"மாமா, உங்களுக்குத் தடிமனோ?" என்று கேட்டாள் தமயந்தி.

"தடிமனோ? எனக்கோ? இது தூசு, பிள்ளை. உங்கட தரைக் காப்பெற்றில இருக்கிற தூசு. எங்கே, பெடியனைக் கொண்டு வாங்கோ பாப்பம்."

"அவன் நித்திரை," என்றார் அம்மா, மெல்ல.

"எழும்பட்டும். எனக்கென்ன அவசரம்."

அவர் தேத்தண்ணி குடித்தார். இன்னொன்று குடித்தார். மூன்றாவது கோப்பையில் வாகீசன் அழுதான். மாமா கைகளைத் தேய்த்துக்கொண்டு எழும்பினார்.

தமயந்தி அவரை முந்திவிட்டாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய் உள்ளுக்க?"

"கழுவுறன் மாமா. கன நேரம் எடுக்கும்."

அது பொய்யும் இல்லை. வாகீசன் சரியான நேரத்தில் உதவி செய்திருந்தான்.

மாமா வெளியே இருந்து இன்னும் இரண்டு தும்மல் தும்மிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது, "வாற ஞாயிறு பூசை முடிய எல்லாருமாச் சேர்ந்து வாறம்," என்றார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அதுதான் பேச்சு.

"வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோவன் அப்பா," என்றாள் தமயந்தி.

"எப்பிடியம்மா சொல்லுறது? எனக்கு வேலை எடுத்துத் தந்த மனுசன். வாசலோட நிப்பாட்டினா என்ன நினைப்பார்?"

"தடிமன் உள்ள ஆக்கள் மட்டும் வரவேண்டாம் எண்டு சொல்லலாந்தானே?" என்றார் அம்மா.

"சொல்லிப் பாத்தனான். ஒருத்தருக்கும் தடிமன் இல்லையாம். நவரத்தினம் நாயைப் போலக் குரைக்கிறான், கேட்டா வெத்திலை புரைக்கேறினதாம். இந்த ஊரில வெத்திலை எங்க கிடக்குது?"

தமயந்தி ஒரு காகித மட்டையில், 'தும்முகிறவர்கள் தயவுசெய்து திரும்பிப் போகவும்' என்று எழுதி வாசல் கதவில் ஒட்டினாள். கீழே கவலையான மூக்கு ஒன்றும் வரைந்தாள். அப்பா காலையில் வேலைக்குப் போகும்போது அதைக் கழற்றி எடுத்துப் போனார். மூக்கு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆக்லாந்தில் அப்போது தமிழர்களுக்குக் கோயில் கிடையாது. மாதம் ஒருமுறை ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். மேசையில் முருகன் படம் வைப்பார்கள். முன்னால் கொடிக்கயிறு கட்டி, பூப்போட்ட படுக்கைவிரிப்பு ஒன்றைத் திரையாகத் தொங்கவிடுவார்கள். மேசையைச் சுற்றித் தரையில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. அவ்வளவுதான் கோயில்.

திரைக்குப் பொறுப்பு குணரத்தினம் மாமா. மணி அடித்ததும் திரையை இழுப்பார். அது வரைக்கும் யாரும் கோட்டைத் தாண்டாமல் காவல் நிற்பார்.

ஒரு சின்னப் பையன் பந்தை உருட்டிக்கொண்டு கோட்டுக்குள் ஓடினான்.

"ஏய், அங்கால போகப்படாது," என்று அதட்டினார் மாமா. "அது மூலஸ்தானம். பூசை செய்யிற ஆள் மட்டுந்தான் போகலாம். மற்ற ஆக்கள் வெளியில நிண்டு கும்பிடுறது."

பையன் திரும்பி வந்தான். அவனுடைய அம்மா கோபிக்கவில்லை. யாருமே கோபிக்கவில்லை. எல்லோரும் கோட்டுக்கு வெளியே நின்று, திரை திறந்ததும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டு, சந்தோஷமாகப் பிரசாதக் கடலை வாங்கப் போனார்கள்.

தமயந்தி தன் கடலையை மெல்ல மறந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராக மாமாவிடம் போனாள்.

"மாமா, எங்கட வீட்டிலயும் உங்கட உதவி வேணும்."

"என்ன உதவி?"

"வாகீசனைப் பார்க்கக் கனபேர் வருகினம். எங்கட முன் ஜன்னலுக்கும் திரை இருக்கு. நான் உள்ளுக்க நிண்டு திறப்பன். வெளியில ஆக்களை ஒழுங்காய் நிப்பாட்ட ஒருத்தர் வேணும். அப்பா சத்தம் போடமாட்டார். உங்களுக்குத்தான் நல்ல சத்தம்."

மாமாவின் நெஞ்சு கொஞ்சம் அகன்றது. பிறகு சந்தேகம் வந்தது. "அப்ப ஆக்கள் உள்ளுக்க போறேல்லையோ?"

"மூலஸ்தானத்துக்க போகப்படாதெண்டு நீங்கள்தானே இப்ப சொன்னீங்கள், மாமா."

மாமா சுண்ணக்கட்டிக் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவர்," என்றாள் தமயந்தி. "தடிமன் வந்தா திரும்பவும் ஆஸ்பத்திரிதான். அவனுக்கு மூச்சு விடுறதே பெரிய வேலை, மாமா."

"ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மாமா.

வீட்டில் அம்மாதான் முரண்டு பிடித்தார். "ஜன்னலுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்க, நான் என்ன விக்கிரகமோ?"

"இல்லையம்மா. விக்கிரகம் அவன். நீங்கள் பீடம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு மறுக்க முடியாது. நல்ல சேலை கட்டிக்கொண்டு வாகீசனோடு உட்கார்ந்தார்.

கார்கள் வரிசையாக வந்து நின்றன. மழை தூறியது. குணரத்தினம் மாமா புல்தரையில் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒவ்வொரு குடும்பமா வாங்கோ. கண்ணாடியில கை வைக்கப்படாது. பார்த்தாப் பிறகு அங்கால நகருங்கோ."

தமயந்தி சமையலறையிலிருந்து கொண்டுவந்த கரண்டியால் சட்டியில் தட்டினாள். திரையைத் திறந்தாள். வெளியே "ஆ" என்று ஒரு சத்தம். வாகீசன் கொட்டாவி விட்டான். இன்னும் பெரிய "ஆ".

மலேசியாவிலிருந்து வந்திருந்த காந்திமதி ஆன்ட்டி ஒரு தட்டில் வாழைப்பழமும் பூவும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "அடடா, எவ்ளோ குட்டியா இருக்கான்," என்றவர், பழக்கத்தில் கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பிறகு தட்டை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். அப்பா வாங்கிக்கொண்டார்.

நவரத்தினம் மாமா இருமிக்கொண்டே வாசல் கதவுப் பக்கம் நழுவினார்.

"எங்க போறீர்?" என்றார் குணரத்தினம் மாமா.

"தண்ணி குடிக்க."

"மூலஸ்தானத்துக்கயோ தண்ணி குடிக்கப் போறீர்? வெளியில பைப் இருக்குது."

பக்கத்து வீட்டு மிஸிஸ் பார்க்கர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, வாசலில் இத்தனை கார்கள். வீடு விற்பனைக்கோ, என்ன விலை என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை, ஆனால் பார்க்கலாம் என்று சொல்லி, குணரத்தினம் மாமா அவரையும் வரிசையின் கடைசியில் நிற்கவைத்தார். அவரும் நின்றார்.

அப்போதுதான் மாமாவுக்கு வந்தது. மூக்கைப் பிடித்தார். நிற்கவில்லை. அந்தத் தும்மலில் குடை ஒருமுறை குலுங்கியது.

வரிசை முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது.

"தூசு," என்றார் மாமா.

"மழையிலயா?" என்று கேட்டார் காந்திமதி ஆன்ட்டி.

மாமா மழையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு தெருவோரப் படலைக் கதவு வரைக்கும் நடந்துபோய் நின்றார். மிச்ச வரிசையை அங்கிருந்தே அதட்டி முடித்தார். சத்தம் குறையவில்லை.

எல்லோரும் போன பிறகு தமயந்தி திரையை மூடப் போனாள். மாமா இன்னும் படலையிலேயே நின்றார். அவள் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தாள்.

"என்ன மாமா?"

"நான் இன்னும் பார்க்கேல்லை, பிள்ளை. ஆக்களைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"கிட்ட வாங்கோவன். கண்ணாடிதானே."

"வேண்டாம். எனக்குத் தடிமன்," என்றார் மாமா.

தமயந்தி ஜன்னலைச் சாத்தினாள். அம்மா வாகீசனை உயரத் தூக்கிக் காட்டினார். மாமா நுனிக்காலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அப்பன் சபாரத்தினத்தின்ர மூக்கு," என்று கத்தினார். "பாவம், என்ன செய்யிறது."

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் திரை திறந்து மூடியது. சட்டி நசுங்கியது. வாகீசனுக்குத் தடிமன் வரவில்லை. கன்னம்தான் வந்தது.

அக்டோபரில் டொக்டர் அவனுடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இனி ஆட்களை உள்ளே விடலாம் என்றார். அடுத்த ஞாயிறு அம்மா வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். யாரும் உள்ளே வரவில்லை. தமயந்தி எட்டிப் பார்த்தாள். குணரத்தினம் மாமாவும் அவர் மனைவி செல்வநாயகி மாமியும் வழக்கம்போல ஜன்னலடியில் நின்றார்கள்.

"உள்ளுக்க வாங்கோ மாமா."

"வரலாமோ?" என்றார் மாமா.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். முழங்கை வரைக்கும் சோப் போட்டுக் கழுவினார். அம்மா வாகீசனை அவர் மடியில் வைத்தார். மாமா மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு ஆடாமல் இருந்தார். தேத்தண்ணி வந்தது. ஆறியது. கை இரண்டும் நிறைந்திருந்ததால் அவர் அதைத் தொடவில்லை.

"எனக்கும் ஒருக்காத் தாருங்கோவன்," என்று செல்வநாயகி மாமி கைகளை நீட்டினார்.

"வரிசையில நில்லும்," என்றார் மாமா.