இருநூற்று முப்பதாவது கடிதம்

ஷாஜன் கணினியைத் திறந்தபோது கடிதம் இருநூற்றுப் பதின்மூன்றில் நின்றது. நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு. அது ரெஜிலா கடைசியாகப் படித்து நிறுத்திய இடம். அதனால்தான் மவுஸைக்கூட அசைக்காமல் மூடியிருந்தான்.

மஸ்கட்டில் வேலை பார்த்தபடியே மனைவிக்காக அவன் எழுதிய சின்ன மென்பொருள் அது. தினம் ஒரு கடிதம் அங்கிருந்து போடுவான். மணவாளக்குறிச்சி வீட்டில் அவள் எப்போது திறந்தாலும் விட்ட வரியிலேயே திறக்கும்.

"அக்கா ஒரு நாளைக்கு ஒண்ணுதான் படிக்கும், அண்ணே. மத்தியானம் மூணு மணிக்கு. மொத்தமா படிச்சா தீந்து போவும்லா" என்றான் பக்கத்து வீட்டு ஆன்றோ.

அவளைப் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். புற்றுநோய் என்பதை ஷாஜனிடம் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள், பாவி மகள். எவனோடோ பைக்கில் சுற்றுகிறாள் என்று யாரோ போனில் ஓத, வயிறெரிந்து ஷாஜன் எழுதியதுதான் இருநூற்று முப்பதாவது கடிதம். அதில் ஒரே வரி: நீ செத்தாலும் வரமாட்டேன்.

அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். கடைசிப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவள் அதைப் படிக்கவில்லை. அவனுக்கு மிஞ்சிய ஆறுதல் அது ஒன்றுதான்.

மறுநாள் இருநூற்றுப் பதினான்கு. அதற்கடுத்த நாள் பதினைந்து. அந்தக் கடைசிக் கடிதத்தை அழிக்கப் பார்த்தான். வந்து சேர்ந்த எதுவும் அழியாதபடி ஆசையாசையாகப் பூட்டிவைத்தவனும் அவனேதான். மென்பொருளையே நீக்கினான். மறுநாள் மூன்று மணிக்கு அது திறந்து கிடந்தது.

இருநூற்று இருபத்தொன்பது வந்த அன்று கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தான்.

அடுத்த நாள் மத்தியானம், தெருவில் மீன்காரியின் குரல் தேய்ந்து மறைந்து, தென்னையோலைகளின் சரசரப்பும் அடங்கிப்போன நேரத்தில், அறைக்குள்ளிருந்து அவள் நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் வாசம் வந்தது. பிறகு மவுஸின் சக்கரம் உருளும் சத்தம்.

கிர்ர். நின்றது. கிர்ர்.

ஓடினான். கணினித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் யாருமில்லை.

"ஏட்டி, அதப் படிக்காத. எனக்குத் தெரியாதுட்டி. யாருமே சொல்லலியே."

இருநூற்று முப்பது. ஒரே வரி.

சக்கரம் மேலே உருண்டது. மறுபடி கீழே வந்தது. அதே வரி. மறுபடியும்.

நின்றுவிட்டது.

விசைப்பலகையின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. ஷாஜன் கையை நீட்டினான். அடுத்த சொட்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.