டிக்கிக்குள் திமெக்!

காரின் டிக்கிக்குள் போன் அடித்தது!

முன்சீட்டில் இருந்த கிங்காவுக்கு ரத்தம் உறைந்தது.

காரணம், அந்த எண்ணை அழைத்துக்கொண்டிருந்தவளே அவள்தான்... கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ஓட்டுபவருக்குத் தெரியாமல்!

எண், தம்பி திமெக்குடையது. போலந்தின் தலைநகர் வார்சாவிலிருந்து சுவாவ்கி ஊருக்கு லிஃப்ட் கேட்டுப் போனவன். ஒரு மாதமாகக் காணவில்லை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே உயிர். 'வளர்ந்த பையன்தானே, வருவான்' என்று போலீஸ் கைவிரித்துவிட்டது.

அதனால் அவளே அதே சாலையில் கட்டை விரலை நீட்டினாள். நின்ற காரிலெல்லாம் ஏறினாள். ஏறியதும் அந்த எண்ணை அழைத்தாள்.

லிஃப்ட் கேட்கும் வித்தையைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். 'பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, கார் ஒதுங்க இடமிருக்கிற பக்கமா நில்லு. ஊர்ப் பேரை அட்டையில பெரிசா எழுது. பின்சீட்டைப் பார்க்காம ஏறாதே. பையை டிக்கியில வைக்காதே, மடியில வை. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.'

இன்று அவளும் படம் எடுத்தாள்.

அனுப்பத்தான் ஆளில்லை.

"டிக்கியில என்ன சார் சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா... பழைய போன்."

ஓட்டிய ஜெனோன், அறுபதை நெருங்கும் ஒண்டிக்கட்டை. நரைத்த மீசை துடித்தது.

"வண்டிய நிறுத்துய்யா!"

மிளகு ஸ்பிரே அவர் கண்ணுக்கு நேராக நீண்டது!

பைன் காட்டோரம் கார் கிறீச்சிட்டு நின்றது.

"திமெக்க எங்க புதைச்சே?"

"புதைச்சேனா! ஐயையோ... நீ அவன் அக்காவா?"

"டிக்கியத் திற!"

திறந்தார். ஸ்டெப்னி. பழைய கம்பளி. அதன்மேல் திமெக்கின் போன்!

"ஏரியில வீசிடுங்கன்னு அவன்தான் குடுத்தான்மா. எனக்குத்தான் மனசு வரல. தினம் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"என்னை யாரும் கூப்பிடறதில்ல. இது அடிச்சா... வண்டியில யாரோ கூட வர்ற மாதிரி இருக்கும். கைக்கு எட்டினா எடுத்துப் பேசிடுவேனோன்னுதான் டிக்கியில போட்டேன்."

"பொய்! உயிரோட இருந்தா அவன் எங்கிட்ட பேசியிருப்பான்!"

ஜெனோன் தன் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க மாமா!"

திமெக்!

"அந்தப் போனை வீசினீங்களா இல்லையா? மணிக்கு ஒரு தடவ கூப்பிட்டு, எங்க இருக்கே, பை மடியில இருக்கான்னு... மூச்சு முட்டுது மாமா! இங்க படகுத்துறையில வேலை, நிம்மதியா இருக்கேன். அக்காவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க!"

லைன் அறுந்தது.

கிங்காவின் கை தானாக இறங்கியது. காட்டில் காற்று மட்டும்... வேறு கார் ஒன்றுகூட வரவில்லை.

மெல்லத் தன் போனை எடுத்தாள். தம்பியின் எண்ணை அழித்தாள்.

"அப்போ... இனிமே இது அடிக்காதாம்மா?" ஜெனோனின் முகம் தொங்கிப்போனது.

கிங்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"உங்க நம்பரச் சொல்லுங்க சார்... ஒரே மாசத்துல நீங்களே போனைத் தூக்கி ஏரியில வீசிடுவீங்க!"